கெண்டை மேல் வந்த வயிற்றெரிச்சல்

பக்கத்து வீட்டுக்காரன் மாடி கட்டினால் பொறாமை வரும். சொந்தக்காரன் மகனுக்குக் கப்பலில் வேலை கிடைத்தால் வரும். எனக்கும் அதெல்லாம் அளவாக வந்து போயிருக்கிறது. ஆனால் என் வாழ்க்கையில் வயிறு பற்றி எரிந்தது ஒரு குளத்து மீன் மேல்தான். சேற்றைத் தின்று கொழுக்கிற கெண்டை. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. நான் சங்கு குளித்துக்கொண்டிருந்தேன். முத்துக் குளிப்பு அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. சிப்பி இல்லை என்று சர்க்கார் கையை விரித்துவிட்டது. சங்கு மட்டும் மிச்சம். மழைக்காலம் கழிந்து கடல் தெளிந்ததும் வள்ளத்தில் பாய் விரித்துப் போவோம். எட்டு பாகம், பத்து பாகம் ஆழத்தில் முங்கி, மணலில் கிடக்கும் சங்கைப் பொறுக்கி வலைப்பையில் போட்டுக்கொண்டு ஏறுவோம். பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம். காலடியில் ஒரு கல், இடுப்பில் ஒரு கயிறு. கல் கீழே கொண்டுபோகும், கயிறு மேலே கொண்டுவரும். நடுவில் இருக்கிற மூச்சு மட்டும் நம்முடையது.

அந்தக் கயிறு யார் கையில் இருக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. எங்கள் கரையில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. முங்குகிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான் பிடிக்க வேண்டும். கூடப் பிறந்தவன் கையில் கொடுக்க மாட்டோம். அவனுக்கு அப்பன் வீட்டில் பங்கு இருக்கிறது. நான் மேலே வராவிட்டால் அவனுக்கு ஒரு அறை கூடுதலாகக் கிடைக்கும். மச்சானுக்கு அப்படியா? நான் வராவிட்டால் அவன் தங்கச்சி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அவன் வாசலில் வந்து நிற்பாள். ஆகவே இழுப்பான். இதைப் பாசம் என்றும் சொல்லலாம், கணக்கு என்றும் சொல்லலாம். தண்ணீருக்கு அடியில் இருப்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

என் கயிற்றைப் பிடித்தவர் என் மனைவியின் அண்ணன். கனத்த உடம்பு, கறுத்த முகம், அதிகம் பேச மாட்டார். பேசினாலும் வாயில் வெற்றிலை இருக்கும், பாதி புரியாது. கல்யாணமான மறுவருடம் முதல் நான் முங்கிய ஒவ்வொரு முங்கும் அவர் கையிலிருந்துதான். மூச்சு முட்டும்போது கீழேயிருந்து கயிற்றைச் சுண்டி ஒரு வெட்டு வெட்டுவேன். அந்த வெட்டு முடியும் முன் மேலே போய்க்கொண்டிருப்பேன். அப்படி ஒரு கை அது.

அவரோடு நான் குளித்த கடைசி வருடத்தில் அந்தக் கை இன்னும் தேறிவிட்டது என்று நினைத்தேன். நான் கயிற்றை வெட்டவே வேண்டியிருக்கவில்லை. இனி முடியாது, வெட்டலாம் என்று நினைக்கிற நேரத்தில் தானாகவே இழுத்துவிடுவார். ஒருநாள்கூடத் தப்பியதில்லை. சில சமயம் கைக்கெட்டும் தூரத்தில் நல்ல சங்கு ஒன்று கிடக்கும்போது இழுத்துவிடுவார். மேலே வந்து திட்டுவேன். அப்போது பார்த்தால் அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். முகமெல்லாம் வேர்த்து, நெஞ்சு ஏறி இறங்கும்.

"என்ன மச்சான், முங்குனது நானா, நீரா?" என்று கேட்பேன். வள்ளத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் வெற்றிலைக் காவியோடு சிரிப்பார். தொந்தி போட்டுவிட்டது, கயிறு இழுக்கக் கஷ்டப்படுகிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

அடுத்த வருடம் மழை விட்டது. கடல் தெளிய ஆரம்பித்தது. வள்ளத்துக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். மச்சான் வந்து பக்கத்தில் நின்றார்.

"மாப்ளே, இந்த வருசம் நா கடலுக்கு வரல."

"ஏன், மேலுக்குச் சொகமில்லையா?"

"சொகத்துக்கு என்ன? காயல்பட்டினத்து மொதலாளி கூப்பிட்டிருக்காரு. குவாரிக் குளத்தைப் பாத்துக்கிடணுமாம். நெழலுல சோலி."

நெழலுல சோலி! அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெட்கம்கூட இல்லை.

அந்தக் குவாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மில்லர்புரத்தைத் தாண்டி மேற்கே கொஞ்ச தூரம் சைக்கிள் மிதித்தால் உடைமரக் காட்டுக்குள் ஒரு பள்ளம். துறைமுக வேலைக்கு மணல் அள்ளிய பள்ளம். லாரி லாரியாக அள்ளினார்கள். ஊற்றுக் கண் திறந்து தண்ணீர் வந்ததும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ரெண்டு மழையில் பள்ளம் குளமாகிவிட்டது. நிலத்துக்குச் சொந்தக்காரர் காயல்பட்டினத்து முதலாளி. கல்கத்தாவில் ரொம்ப காலம் வியாபாரம் பார்த்தவர். அங்கே துரைமார்களும் ஆபீஸர்களும் டிக்கெட் வாங்கிக்கொண்டு குளத்தங்கரையில் உட்கார்ந்து நாள் முழுக்கத் தூண்டில் போடுவார்களாம். அதைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு இந்தக் குழியைக் கண்டதும் அதே யோசனை. சர்க்கார் பண்ணையிலிருந்து கட்லா, ரோகு என்று கெண்டைக் குஞ்சுகளை வாங்கி விட்டார். அவை வளர்ந்ததும் துறைமுகத்து இன்ஜினியர்களும் பாங்கு ஆபீஸர்களும் ஞாயிற்றுக்கிழமை குடையோடும் பிளாஸ்கோடும் வந்து உட்கார ஆரம்பித்தார்கள்.

கடற்கரை முழுக்க இதே பேச்சு, இதே சிரிப்பு. கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எவனாவது குழியில் தூண்டில் போடுவானா? அதுவும் கெண்டைக்கு? நாங்கள் அதை மீன் என்றே சொல்ல மாட்டோம். சேத்து மீனு என்போம், மண்வாடை அடிக்கும் என்போம். அதற்குக் காவல் இருக்கத்தான் என் மச்சான் என் கயிற்றை விட்டார்.

வீட்டில் வந்து கத்தினேன். "ஏளா, ஒங்கண்ணன் செய்த வேலையைப் பாத்தியா? எட்டு பாகத்துல கெடக்கிற எம் உசுர விட அவருக்குக் கெண்டை பெருசாப் போச்சு!"

அவள் அண்ணனிடம் போய்க் கேட்டாள். அவளிடமும் அதே பதில்தான். வெயில் இல்லை, உப்பு இல்லை, நிழலில் சோலி. திரும்பி வந்தவள் அடுப்பை மூட்டினாள். பிறகு தெளிவாகச் சொன்னாள்.

"எங்க வீட்டு ஆளு கையில கயிறு இல்லன்னா நீங்க முங்க வேண்டாம். சொல்லிட்டேன். சங்குமில்ல, ஒண்ணுமில்ல."

எனக்கு முங்குவதைத் தவிர வேறு ஒரு தொழிலும் தெரியாது. மச்சான் கை இருந்தால் எனக்குக் கடல் உண்டு, இல்லையென்றால் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு குவாரிக்குப் போனேன். அவரைக் கூப்பிடப் போகவில்லை. என்னதான் இருக்கிறது அங்கே என்று பார்க்கப் போனேன். போயிருக்கவே கூடாது.

ஓலைக் கொட்டகைக்குக் கீழே, கை வைத்த நாற்காலியில் மச்சான் உட்கார்ந்திருந்தார். நாற்காலியில்! கரை ஓரமாக வரிசையாகத் தூண்டில் கம்புகள், ஒவ்வொன்றையும் கவட்டைக் கம்பில் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் பிள்ளைகள் காலில் கட்டுகிற சலங்கை மணி ஒன்று. மச்சானுடைய ஏற்பாடாம் அது. கெண்டை இரையைத் தொட்டால் மணி 'கிணிங்' என்று அடிக்கும். அடித்ததும் இவர் எழுந்து ஓடுவார், இன்ஜினியரும் ஓடுவார், கம்பைப் பிடித்து இழுப்பார்கள். அதுவரைக்கும் தண்ணீரைப் பார்க்கக்கூட வேண்டாம். அரட்டை அடிக்கலாம், டிரான்சிஸ்டரில் சிலோன் பாட்டு கேட்கலாம். கடலில் நாள் முழுக்கக் கயிற்றை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு கண் இமைக்காமல் உட்கார்ந்திருந்த மனுஷன்! சோம்பேறித்தனத்துக்கு ஒரு மணி கட்டியாகிவிட்டது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடலைப் பிண்ணாக்கையும் தவிட்டையும் பிசைந்து அவரே இரை உருட்டிக் கொடுத்தார். என் உயிரைப் பிடித்த விரல்கள் கெண்டைக்குச் சோறு உருட்டுகின்றன. அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. தொந்தி போட்ட துறைமுக இன்ஜினியர் ஒருவர், நம் ஊர்க்காரர் இல்லை, ஒரு பெரிய கட்லாவைக் கரைக்கு இழுத்துப் போட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். "உங்க ஆளு கைராசிக்காரன்!" என்று பக்கத்தில் நின்ற முதலாளியிடம் சொல்லி மச்சான் முதுகில் தட்டினார். நான் எத்தனை வருடமாகக் கடலுக்கு அடியிலிருந்து சங்கு எடுக்கிறேன். ஒருவன் கை தட்டியிருப்பானா? சங்கு வாங்குகிற சர்க்கார் கொட்டகையில் எண்ணி வாங்கிக்கொண்டு போடா என்பான்.

மச்சான் என்னைப் பார்த்துவிட்டார். "வாரும் மாப்ளே, டீ குடியும்" என்றார். ரெண்டு கண்ணாடி கிளாஸில் கொதிக்கக் கொதிக்க டீ வந்தது. நான் வேட்டி முனையால் பிடித்து, கைக்குக் கை மாற்றி ஊதிக்கொண்டிருந்தேன். அவர் அந்தக் கிளாஸை உள்ளங்கைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டு சாவகாசமாகக் குடித்தார். இன்ஜினியர் அதையும் பார்த்து ஆச்சரியப்பட்டார். பெரிய மனுஷன் ஆனதும் கைக்குச் சூடுகூடத் தெரியவில்லை பார் என்று அதற்கும் எனக்குப் பொறாமை வந்தது.

"மீனு மணி அடிச்சுக் கூப்பிடுது, நீரு ஓடுதீரு. நல்ல பொழப்பு மச்சான்" என்றேன்.

"நல்ல பொழப்புதான்" என்றார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை சமாதானம் சொல்லக்கூடாதா? திரும்பி வரும்போது சைக்கிளை அப்படி மிதித்தேன், செயின் கழன்றுவிட்டது. அதையும் அவர் கணக்கில்தான் எழுதினேன்.

அந்த வாரமே வீட்டுக்கு ஒரு ரோகு வந்தது, மச்சான் கொடுத்தனுப்பியது. "அடுப்புல ஏத்துனா நா வீட்டுல இருக்க மாட்டேன்" என்றேன். என் மனைவி புளி கரைத்து, மிளகு அரைத்துப் போட்டு ஏற்றினாள். வாசலில் உட்கார்ந்து வாசத்தை மோந்துகொண்டிருந்தேன். கடைசியில் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். மண்வாடை அடிக்கவில்லை. ருசியாக இருந்தது. அந்தச் சனியன் ருசியாகவும் இருந்ததைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

கடல் காத்திருக்காது அல்லவா? என் மனைவி யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். அவளுடைய சித்தி மகன் ஒருத்தன் இருந்தான். பெரிய மீசை, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன், உப்பளத்தில் வேலை பார்த்தவன். முறைக்கு அவனும் அவளுக்குத் தம்பி, எனக்கு மச்சினன். வழக்கம் தப்பவில்லை. அவன் கையில் கயிற்றைக் கொடுத்தோம்.

அவன் நல்லவன்தான். ஆனால் வாய் ஓயாது. நான் கல்லில் கால் வைத்து இறங்கும்போதே பக்கத்து வள்ளத்துக்காரனோடு பேசிக்கொண்டிருப்பான். கயிற்றை வெட்டுவேன். ஒன்றும் நடக்காது. இன்னொரு தடவை வெட்டுவேன். அப்புறம்தான் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற மாதிரி நிதானமாக இழுப்பான். ஒருநாள் மூக்கிலிருந்து ரத்தம் ஒழுக மேலே வந்தேன். "அத்தான், என்ன ஆச்சு?" என்று என்னையே கேட்டான். சட்டையில் ரத்தத்தைப் பார்த்தாள் என் மனைவி. என் கயிற்றை எடுத்து உள்ளே பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

"அண்ணன் வந்தாதான் இது வெளிய வரும்" என்றாள்.

மறுநாள் ஞாயிறு. சாவியை எப்படியோ அவளிடமிருந்து வாங்கி, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு குவாரிக்குப் போனேன். அவரைக் கூட்டிக்கொண்டுதான் திரும்புவது, இல்லையென்றால் அந்தக் கயிற்றைக் குழியில் எறிந்துவிட்டு வருவது என்று முடிவு.

போன நேரம் அங்கே ஒரே களேபரம். தொந்தி இன்ஜினியரின் தூண்டில் அடியில் எதிலோ மாட்டிக்கொண்டது. சீமையிலிருந்து வந்த ரீலாம். நூலை அறுக்க மனசு வரவில்லை. லாரிக்காரர்கள் விட்டுப்போன பழைய டயர்கள் அடியில் கிடந்தன. அதில்தான் சிக்கியிருக்கும் என்றார்கள். "யாராவது முங்குவாங்களா?" என்று முதலாளி கேட்டார்.

எனக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? சட்டையைக் கழற்றினேன்.

"நா முங்குதேன். ஆனா கயிறு எம் மச்சான்தான் பிடிக்கணும்."

மச்சான் எழுந்தார். "வேண்டாம் மாப்ளே. இது கடலில்ல" என்றார்.

"நாலு பாகம் இருக்குமா இது? எனக்குக் கால் நனைக்கிற தண்ணி. பிடியும்."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கயிற்றை வாங்கினார். வாங்கிவிட்டு, இடுப்புப் பையிலிருந்து ஒரு சலங்கை மணியை எடுத்துக் கயிற்றில் கட்டினார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

"என்ன வே இது? நா என்ன கெண்டையா?"

மணியைப் பிய்த்துத் தண்ணீரில் எறிந்தேன். இன்ஜினியர் விழுந்து விழுந்து சிரித்தார். மச்சான் சிரிக்கவில்லை. என்னவோ சொல்ல வாயெடுத்தார். நான் கரையில் கிடந்த கல் ஒன்றைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

கடலில் முங்குகிறவன் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம் அது. உப்புத் தண்ணீர் ஆளைத் தாங்கும், மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால்தான் நாங்கள் கனமான கல்லாகப் பார்த்துக் கட்டுவோம். நல்ல தண்ணீர் அப்படித் தாங்காது. அது எனக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து உப்பிலேயே முங்கியவன் நான். கடல் கணக்குக்குக் கல்லை எடுத்தேன், பாறாங்கல் விழுகிற மாதிரி விழுந்தேன். கண்ணைத் திறந்தால் ஒன்றும் தெரியவில்லை, இருட்டு. கடலடியில் காலுக்கு மணல் கிடைக்கும், உந்தி எழலாம். இங்கே முழங்கால் வரை சேற்றுக்குள் போய்விட்டது. உந்தினால் இன்னும் இறங்கியது. டயரையும் தேடவில்லை, தூண்டிலையும் தேடவில்லை. கயிற்றை வெட்டினேன்.

இழுக்கவில்லை.

மறுபடி வெட்டினேன். கயிறு இறுகவில்லை, தளர்ந்து என்னோடு கீழே வந்தது. மேலே யாரும் பிடிக்காத கயிறு மாதிரி என் கையில் சுருண்டது. மாதாவே, எம் மச்சான் என்னை விட்டுட்டாரே! அந்தக் குழிக்குள் எனக்கு வந்த எண்ணம் அது ஒன்றுதான். சாகப்போகிறோம் என்பதுகூட ரெண்டாவதாகத்தான் வந்தது. கல்லை அவிழ்த்து, சேற்றைக் கையால் பிறாண்டி, எப்படிக் காலை உருவினேன் என்று தெரியாது. மேலே வந்து விழுந்தேன்.

கரையைப் பார்த்தேன். மச்சான் நின்றுகொண்டிருந்தார். கயிறு அவர் ரெண்டு கைக்குள்ளும்தான் இருந்தது. கண்ணை இறுக மூடியிருந்தார். கன்னம் ரெண்டும் உப்பியிருந்தது. முகம் கன்றி, கழுத்து நரம்பு புடைத்து, உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. நான் மேலே வந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. மனுஷன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"மச்சான்!" என்று கத்தினேன். கண்ணைத் திறந்தார். அடைத்து வைத்திருந்த மூச்சை விட்டார். அப்படியே மணலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார், போன வருடம் வள்ளத்தில் வாங்கினாரே, அதே மாதிரி.

எல்லாரும் போனபிறகு கொட்டகையில் உட்கார்ந்திருந்தோம். கையை என் முன்னால் நீட்டினார். விரல் இடுக்குகளில் பீடி சுட்ட தழும்புகள், பழசும் புதுசுமாக.

"சீனி வியாதிங்காரு டாக்டரு. விரலு மரத்துப் போச்சு மாப்ளே. சூடு தெரியல. கயிறு ஓடுனாலும் தெரியல. இறுக்கிப் பிடிச்சிருக்கோம்னு நெனப்பேன், பாத்தா நழுவியிருக்கும்."

"எப்பயிருந்து?"

"போன வருசமே."

"போன வருசம் பூரா நீருதானே இழுத்தீரு? ஒருநாளுகூடத் தப்பலியே!"

அவர் வெற்றிலையை மென்றுகொண்டு குளத்தைப் பார்த்தார்.

"நீரு முங்கும்போது நானும் மூச்சைப் பிடிச்சுக்கிடுவேன். எனக்கு எப்ப முட்டுதோ அப்ப கயித்தைப் பாத்துப் பாத்து இழுத்திருவேன். எனக்கே முட்டுதுன்னா ஒமக்கு முட்டாதா? ஒமக்கு முட்டுறதுக்குக் கொஞ்சம் முந்தியே இழுக்கிற மாதிரி வச்சுக்கிட்டேன். வருசக் கடைசியில எனக்கு நெஞ்சு தாங்கல. ஒருநா கண்ணு இருண்டு போச்சு. நா மயங்கி விழுந்தா நீரு கீழயே கெடப்பீரு. அதான் விட்டுட்டேன்."

முங்கினது நானா, நீரா என்று வள்ளத்தில் வைத்துக் கேட்டது ஞாபகம் வந்தது. ஓ என்று அழுதேன். வெட்கமெல்லாம் இல்லை.

"ஏன் வே சொல்லல? நெழலு, சோலின்னு என் வயித்தெரிச்சலக் கொட்டிக்கிட்டீரே!"

"சொன்னா நீரு பாவப்படுவீரு. பரவாயில்ல மச்சான், வாரும், பாத்துக்கிடலாம்னு என்னையே கூட்டிட்டுப் போவீரு. ஒம்ம குணம் எனக்குத் தெரியாதா? எரிச்சல் இருந்தாத்தான் வேற ஆளு தேடுவீரு."

எனக்குக் கோபம்தான் வந்தது. என்னை இந்த அளவுக்குத் தெரிந்து வைத்திருக்கிற மனுஷனை விட்டுவிட எனக்கு இஷ்டமில்லை. சட்டென்று ஒரு யோசனை தோன்றியது.

"மணி கட்டுவோம் மச்சான். இங்கன கெண்டைக்குக் கட்டுன மாதிரி வள்ளத்துல என் கயித்துக்கும் கட்டும். என்னையும் கெண்டைன்னே நெனச்சுக்கிடும். நா வெட்டுனா மணி அடிக்கும், நீரு இழுத்திரும்."

அவர் சிரித்தார். அவ்வளவு நாளில் நான் பார்த்த நல்ல சிரிப்பு அதுதான்.

"கடல்ல மணி சும்மா இருக்குமா மாப்ளே? அலைக்கு ஒரு அடி, காத்துக்கு ஒரு அடி. எது நீரு, எது கடலுன்னு நா எப்பிடிக் கண்டேன்? அசையாத தண்ணியிலதான் மணிக்கு மரியாதை. எனக்கு இனி இந்தக் குழிதான்."

கயிற்றைக் கொண்டுவந்து பழையபடி பெட்டியில் வைத்தேன். வீட்டில் சொன்னேன். என் மனைவி அன்றைக்கே அண்ணன் வீட்டுக்குப் போய் அவர் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். "இது தெரியுதா அண்ணே? இது தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் எல்லாவற்றுக்கும் தெரியுது, தெரியுது என்று தலையாட்டினார். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

பொறாமை அதோடு போய்விட்டது என்று எழுதினால் அது பொய். முன்பைவிட அதிகமானது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து குவாரிக்குப் போவேன். அவர் பக்கத்தில் உட்காருவேன். என்னோடு பேசிக்கொண்டே இருப்பார், மணி அடிக்கும், பாதிப் பேச்சில் எழுந்து ஓடுவார். அந்த மனுஷனை இப்போதும் இழுத்துக்கொள்ள முடிகிறது, ஆனால் என்னால் இல்லை, ஒரு கெண்டையால். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். "போம் போம், ஒம்ம மாப்ள கூப்பிடுதான்" என்பேன். சிரித்துக்கொண்டே ஓடுவார்.

அண்ணன் இனி வர மாட்டார் என்று ஆனபிறகு என் மனைவியே பெட்டியைத் திறந்து கயிற்றைத் தந்தாள். மச்சினன் கையில் கொடுக்கும்போது அவன் மீசையைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிச் சொன்னேன்.

"ஏலே, இனிமே நா முங்குனா நீ பேசக்கூடாது. நானும் முங்குதேன், நீயும் மேல இருந்தே முங்கு. மூச்சைப் பிடி. ஒனக்கு முட்டுனா இழு."

"இதென்ன அத்தான் புதுப் பழக்கம்?" என்று சிரித்தான். ஆனால் அக்காளுக்குப் பயந்தவன், சொன்னபடி செய்தான்.

முதல் முங்கு. கல்லோடு இறங்கினேன். தரை இன்னும் காலில் படவில்லை. கீழே பச்சையாக, மங்கலாக, தூரத்தில் இருக்கிறது. அதற்குள் கயிறு இறுகி, என்னை வெடுக்கென்று மேலே இழுத்துவிட்டான். வெறும் பையோடு வந்து வள்ளத்து விளிம்பைப் பிடித்தேன். அவன் வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். "இதுக்கு மேல முடியல அத்தான், செத்துருவேன்" என்றான்.

அவனைத் திட்ட வாயெடுத்தேன், அதற்குள் போன வருடம் ஞாபகம் வந்தது. மச்சான் ஒரு வருடம் முழுக்க, ஒவ்வொரு முங்குக்கும், நான் தரையைத் தொட்டு, மணலில் நடந்து, சங்கைப் பொறுக்கிப் பையில் போட்டு முடிக்கிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார்.